குக்கரில் வெந்த விபூதி

கருங்குழிக்குப் பச்சையம்மன் வந்தது தொண்ணூற்றேழாம் வருஷம் ஆனி மாதம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம், சவுக்குத் தோப்பை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் வந்து இறங்கினாள். இறக்கியவர் பச்சைச் சித்தர். அவருக்கு எந்த ஊர், இதற்கு முன்னால் என்ன தொழில் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் குடிவருகிறவனிடம் பாட்டன் பெயர்வரை விசாரிப்போம். சாமியாரிடம் கேட்கமாட்டோம். அவ்வளவு மரியாதை நமக்கு!

சித்தரின் அற்புதம் ரொம்ப எளிமையானது. ஒரு மண்சட்டியில் ஒரு பிடி சோறு. அதன்மேல் அவர் மந்திரம் ஓதிக் கொடுத்த விபூதி ஒரு சிட்டிகை. சட்டியை மூடி மஞ்சள் துணி கட்டி நிழலில் வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் திறந்தால் சோறு முழுக்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். "அம்மா எறங்கிட்டா!" என்று கொட்டகையே அலறும். நம் வீட்டில் சோறு அஞ்சு நாள் மூடிக் கிடந்தால் அதற்குப் பெயர் பூசணம். மறந்து வைத்தவளுக்குத் திட்டு விழும். அங்கே அதற்குப் பெயர் அம்மன். வைத்தவர் கழுத்தில் மாலை விழும்.

அந்த விபூதியை வேர்க்கடலை விதையில் பூசி விதைத்தால் வேரழுகல் வராது என்றார் சித்தர். கூடவே நாலு கட்டளைகள். "அம்மாவுக்கு வெயில் ஆவாது, நெழல்ல வை. ஆறின கஞ்சியில கொழைச்சு வெதையில பூசு. மருந்து எதையும் கூடக் கலக்காத, தீட்டு. நாலு மாசத்துக்கு மேல வெக்காத, அம்மா மலையேறிடுவா."

இதிலே ஒரு பேஜாரான விஷயம் உண்டு. இந்த மாதிரிக் கதைகளில் சாமியார் கொடுக்கிற சாம்பல் வேலை செய்யக் கூடாது. இது வேலை செய்தது. ஆடிப் பட்டத்தில் விபூதி பூசி விதைத்தவன் வயலெல்லாம் நிமிர்ந்து நின்றது. பூசாதவன் வயலில் செடி வாடி, பிடுங்கினால் வேர் கருப்பாகக் கையோடு வந்தது. பிறகென்ன? மதுராந்தகத்திலிருந்து ஷேர் ஆட்டோ வந்தது. இளநீர்க் கடை வந்தது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து மாடித் தொட்டி ரோஜாவுக்கு விபூதி வாங்கக் காரில் ஆட்கள் வந்தார்கள். அணுவைப் பிளக்கிறவர் வீட்டு ரோஜாவுக்கும் அம்மன் துணை வேண்டியிருந்தது.

இத்தனை கூட்டத்தையும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நம்முடைய பக்தவத்சலம்.

அவர் மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குழாய் கழுவுவதும், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வதும், தவளை செத்துவிட்டால் வாத்தியாருக்குச் சொல்லியனுப்புவதும் வேலை. ஊரில் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். மன்றத்தில் மொத்தம் நாலு உறுப்பினர். அதில் ஒருவர் கேரம் போர்டுக்காக வருகிறவர். தம் பெயரில் பக்தன் இருப்பது செயலாளருக்குப் பொறுக்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டு 'வத்சலம்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அன்றிலிருந்து தபால்காரர் அவருக்கு வரும் கடிதங்களை 'மேடம்' என்று கூப்பிட்டுக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பக்தன் திரும்பி வந்துவிட்டான்.

மன்றத்துக் கரும்பலகையில் அவர் எழுதினார்: 'விபூதியால் பயிர் விளையுமானால், சுடுகாட்டில் ஏன் நெல் விளையவில்லை?' நல்ல கேள்வி. எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் தனகோடி காத்திருந்தாள்.

வயல் ஒரு ஏக்கர். அது தனகோடி பிறந்த வீட்டுச் சொத்து. ஆடிப் பட்டத்தில் அங்கே விதைத்த வேர்க்கடலையும் அழுகிப்போய், மாட்டுக்குப் போடக்கூடத் தேறவில்லை.

"தோ பாரு," என்றாள் தனகோடி. "உன் கொள்கை உன் போர்டோட இருக்கட்டும். மார்கழில போடற கடலையும் போச்சுன்னா நிலத்த எங்க அண்ணனாண்ட குத்தகைக்கு வுட்டுடுவேன். அப்புறம் நீ போர்டுலதான் வெள்ளாமை பண்ணணும்."

மச்சான் வரப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிற காட்சி பக்தவத்சலத்தின் கண்ணில் வந்து போனது. கொள்கை பெரியதுதான். மச்சான் அதைவிடப் பெரியவன், ஆளும் ஆறடி.

மறுநாள் ஒரு மொபெட் சவுக்குத் தோப்புக்குப் போயிற்று. அதிலிருந்து இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஹெல்மெட்டோடு நின்றார். மார்கழிக் குளிரிலும் உள்ளே வேர்த்து ஊற்றியது. தாம் செய்வது ஆராய்ச்சிக்காக மாதிரி சேகரிப்பது என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். மாதிரிக்கு ஒரு சிட்டிகை போதுமே, ஒரு ஏக்கருக்கான பொட்டலம் எதற்கு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தர் ஹெல்மெட்டைப் பார்த்தார். சிரித்தார்.

"மூடிக்கினு வந்தா இன்னா கண்ணு? உள்ள யாருன்னு அம்மாவுக்குத் தெரியும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பகுத்தறிவு மன்றச் செயலாளரின் முதுகுத்தண்டில் ஒரு நடுக்கம் ஓடியது. அதை அவர் பிற்பாடு ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். விபூதி சொரசொரப்பாக இருக்கும். இது முகப் பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தது. யோசித்திருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அவர் வேறொன்றை யோசித்தார். 'கண்டவன் கை பட்டது. என்னென்ன கிருமி இருக்குமோ! அறிவியல் தெரிந்தவன் இப்படியேவா உபயோகிப்பான்?' இருபது வருஷமாக எதைக் கண்டாலும் கொதிக்கவைத்துப் பழகிய கை. விபூதியை ஒரு டப்பாவில் போட்டுக் குக்கருக்குள் வைத்து அடுப்பை மூட்டிவிட்டார்.

"இன்னாயா அது? சாமி சாம்பலப் போய் வேக வெச்சிக்கினு கீற?" என்றாள் தனகோடி.

"இதுக்குப் பேருதான் சுத்திகரிப்பு. உனக்குப் புரியாது."

ஆறு விசில். மூட நம்பிக்கையை விஞ்ஞான முறையில் கடைப்பிடித்த முதல் மனிதர் என்ற பெருமிதத்தோடு இறக்கி ஆற வைத்தார். விதையில் பூசினார். விதைத்தார்.

இருபதாம் நாள் அவர் வயல் வாடியது. இருபத்தைந்தாம் நாள் பாதிச் செடி சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தார், வேர் கருப்பு. பக்கத்து வயல் கேசவனுடையது. தினம் இரண்டு வேளை விபூதிக்குக் கும்பிடு போடுகிற ஆள். அவன் செடி பச்சைக் கம்பளமாக விரிந்து பூ எடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சாண் வரப்புதான்.

இனி ஊர் சும்மா இருக்குமா? 'விபூதி பூசாத ஒரே வயல் கருகிப்போச்சு' என்பது செய்தி. பூசினேன் என்று அவர் சொல்ல முடியாது. பூசவில்லை என்றால் சித்தர் ஜெயித்தார். பூசினேன் என்றால் செயலாளர் தோற்றார். வாயைத் திறக்க வழியில்லாமல் தம் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தருக்கு அவரைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்காது. ரோட்டிலேயே அம்புக்குறி போட்டு ஒரு தகரப் பலகை முளைத்தது: 'நாத்திகன் வயல் பார்க்கும் வழி.' வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வந்த வேன்கள் திரும்பும்போது இங்கேயும் நின்றன. வரப்பில் சுண்டல் விற்றார்கள். ஒரு குடும்பம் கருகின செடிகளை வரிசையாகக் காட்டிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னது. பக்தவத்சலம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டார். வயிறு எரிந்தது. சுண்டல் வாசனை வேறு.

மறுவிதைப்புக்குத் தை கடைசிவரை நேரம் இருந்தது. ஆனால் சித்தர் அடுத்த கட்டளையைப் போட்டார். அந்த வயலில் கால் வைத்தவர் வயலுக்கும் தோஷம் ஒட்டும். கூட்டுக் கிணற்றுத் தண்ணீர் அங்கே பாயக் கூடாது. வெள்ளிக்கிழமை அவன் கொட்டகைக்கு வந்து எல்லோர் முன்னாலும் காலில் விழுந்தால் அம்மா மன்னிப்பாள். கேசவன் மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான்.

"தப்பா நெனைக்காத அண்ணாத்த. எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத்தான் இருக்குது," என்றான்.

அன்று களையெடுக்கும் பெண்களுக்குத் தலைவியான வேண்டா வயலுக்கு வந்தாள். தோஷம் ஒட்டாதா என்று கேட்டதற்கு, "எனக்குச் சொந்தமா வயலு இருந்தாத்தானே ஒட்டும்?" என்றாள். தனகோடியும் அவளும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"போய் வுழுந்துட்டு வந்துடேன்," என்றாள் தனகோடி. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இது எங்கப்பன் ஒழைச்ச நெலம்யா. ஊரே வந்து சிரிச்சிட்டுப் போவுது. என்னால முடியல."

அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அதற்குமேல் தாங்கவில்லை.

"நானும் பூசினேன் வேண்டா," என்றார் பக்தவத்சலம். "ஹெல்மெட் போட்டுக்கினு போயி வாங்கியாந்து பூசினேன். கேசவன் பூசின அதே விபூதிதான். அவனுக்கு வெளையுது, எனக்குச் சாவுது. அப்போ அம்மன் மெய்யாலுமே இருக்குறாளா? எனக்கே சந்தேகமா கீது."

"இவுரு அதையும் சும்மா பூசலடீ," என்றாள் தனகோடி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "குக்கர்ல போட்டு ஆறு விசில் வுட்டுப் பூசினாரு."

வேண்டா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"இரு இரு. வேகாதது வேல செஞ்சுது. வெந்தது வேல செய்யல. அதானே?"

"ஆமா."

"வெந்தா சாவுறது இன்னா? உசிருள்ளதுதான் சாவும். புழு சாவும், மொளைக்கட்டின பயிறு சாவும். மந்திரம் வெந்து செத்துப் பாத்துக்கீறியா நீ?"

பக்தவத்சலம் வாயைப் பிளந்தார். இருபது வருஷமாக எதற்காகக் கொதிக்கவைக்கிறோம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தம் வாழ்க்கையிலேயே செய்த ஒரே உருப்படியான சோதனையைத் தெரியாமல் செய்துவிட்டு, அதன் முடிவைக் களையெடுக்கிறவள் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேளாண்மை டெப்போவுக்குப் போய், வேரழுகலுக்கு விதையில் பூசுகிற உயிருள்ள பொடி ஏதாவது உண்டா என்று கேட்டார். அங்கிருந்த அதிகாரி பெருந்தேவி ஒரு பாலிதீன் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். வெள்ளைப் பொடி. பக்தவத்சலம் தொட்டுப் பார்த்தார். அதே வழவழப்பு.

"இது பூஞ்சாணம் சார். நல்ல பூஞ்சாணம்," என்றார் பெருந்தேவி. "டால்க் பவுடர்ல கலந்து தூங்க வெச்சிருக்கோம். விதையில பூசினா, வேர் விடும்போது இது முழிச்சுக்கும். வேரோட தோலுக்குள்ளேயே போய்க் குடியேறிடும். செடி இதுக்குக் கொஞ்சம் சர்க்கரை குடுக்கும். அதுக்குப் பதிலா அழுகல் பூஞ்சாணம் வந்தா இது மறிச்சுத் தின்னும். உள்ள இருந்துக்கிட்டே செடியையும் உஷார் படுத்தி வைக்கும்."

"வாடகைக்குக் குடிவந்து வாட்ச்மேன் வேலையும் பாக்குது. இத்தச் சோத்துல தூவினா இன்னா ஆவும் மேடம்?"

"அப்படித்தான். ஈரச் சோத்துல தூவி மூடி வெச்சீங்கன்னா பச்சையாப் பூக்கும். அதோட நிறமே அதுதான்."

பக்தவத்சலம் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தார். வெயில் படாமல் நிழலில் வைக்கவும். ஆறிய கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்யவும். ரசாயன மருந்துகளுடன் கலக்கக் கூடாது. நான்கு மாதங்களுக்குள் பயன்படுத்தவும். அம்மனின் கட்டளை நாலும் வரிசை மாறாமல் அச்சடித்திருந்தது.

"இதை யாரும் வாங்கறதில்லையா மேடம்?"

"வருஷக்கணக்கா ஊர் ஊராச் சொல்றோம். பூசணத்தையா விதையில பூசச் சொல்றேன்னு சிரிக்கிறாங்க. ரவிச்சந்திரன்னு ஒருத்தர் மட்டும் பெட்டி பெட்டியா எடுத்துட்டுப் போறார். பெரிய பண்ணை வெச்சிருக்காராம்."

பூசணம் என்றால் சிரிக்கிறார்கள். அம்மன் என்றால் வரிசையில் நிற்கிறார்கள். தாமும் ஹெல்மெட்டோடு அந்த வரிசையில் நின்றவர்தானே என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. நாத்திகன் விழுவதைப் பார்க்க உத்திரமேரூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பக்தவத்சலம் நடுவில் வந்து நின்றார்.

"விழறேன் சாமி. அதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். நீங்க மந்திரம் ஓதாத பொடியில அம்மா எறங்குவாளா?"

"என் வாய் படாம சோறு இல்ல, ஒரு புல்லுகூடப் பச்சையாவாது!" என்றார் சித்தர். கூட்டம் கை தட்டியது.

"அப்போ மூணு சட்டி வெப்போம். ஒண்ணுல உங்க விபூதி. ரெண்டாவதுல அதே உங்க விபூதி, குக்கர்ல வேக வெச்சது. மூணாவதுல டெப்போவுல வாங்கின வெறும் பொடி, மந்திரம் கிடையாது. அஞ்சு நாள். சாவி கேசவன் கையில. ஒண்ணாவது மட்டும் பச்சையாச்சுன்னா உருண்டே வந்து வுழறேன்."

சித்தர் முகம் லேசாக மாறியது. "அம்மாவைச் சோதிக்கிறதா? இவன் விபூதி பூசாததாலதான் வயலு கருகிச்சு. அதவிட இன்னா சோதனை வேணும்?"

"ஆமா, அத்தச் சொல்லு!" என்று கூட்டம் கூவியது.

எந்த இடத்துக்கு வரக் கூடாது என்று பயந்தாரோ அந்த இடம் வந்துவிட்டது. பக்தவத்சலம் தனகோடியைப் பார்த்தார். அவள் 'சொல்லு' என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"நான் பூசினேன்," என்றார். "ஹெல்மெட் போட்டுக்கினு இதே வரிசையில நின்னு வாங்கினேன். வாங்கிக் குக்கர்ல வேக வெச்சுப் பூசினேன். போர்டுல உங்களையெல்லாம் மடையன்னு எழுதாத குறையா எழுதிட்டு, உங்களுக்குப் பின்னாலயே வந்து நின்ன மடையன் நான்."

கொட்டகை குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. காலில் விழுந்திருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும். இது அஞ்சு நிமிஷம் நீடித்தது. மன்றத்துக் கேரம் போர்டு உறுப்பினர்தான் கடைசிவரை சிரித்தவர்.

"வேக வெச்சியா? அதான்! அம்மாவுக்குச் சூடு ஆவாது, சொன்னேனே!" என்று சித்தர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னா சாமி இது?" என்று எழுந்தாள் வேண்டா. "வருஷா வருஷம் அம்மனுக்குத்தான் தீ மிதிக்கிறோம். பூங்கரகமே நெருப்புல எறங்குது. தீயில எறங்குற அம்மாவுக்குக் குக்கர் சூடு தாங்காதா?"

கூட்டம் சிரிப்பதை நிறுத்தியது. நெற்றிகள் சுருங்கின. கேசவன் இடுப்பிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டே, "சரி, வெச்சுத்தான் பாப்பமே," என்றான். அவன் சொன்னபிறகு சித்தரால் மறுக்க முடியவில்லை. குக்கர் அங்கேயே ஆறு விசில் விட்டது. மூன்று சட்டியும் எல்லோர் கண்முன்னாலும் சோறு போட்டு, பொடி தூவி, துணி கட்டி, அடையாளமிட்டு மோட்டார் கொட்டகைக்குள் போயின.

அந்த அஞ்சு நாளும் பக்தவத்சலம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர்ச் சிறுசுகள் அவரைப் பார்த்தாலே விசிலடித்தன; எண்ணி ஆறு.

புதன்கிழமை சட்டிகள் கொட்டகைக்கு வந்தன. பெருந்தேவியையும் பார்க்க அழைத்திருந்தார்கள், பஸ் தாமதம். கேசவன் துணியை அவிழ்த்தான். ஒன்றாவது சட்டி பச்சை. "அம்மா!" என்று நாலு பேர் கூவினார்கள். இரண்டாவது, புளித்து நாறுகிற சோறு. பச்சையே இல்லை. மூன்றாவதைத் திறந்தவன் சட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினான். மந்திரம் படாத சோறு, ஒன்றாவதைவிட அடர்த்தியாகப் பச்சை கட்டியிருந்தது.

சித்தர் லேசுப்பட்டவரா? கண்ணை மூடி, கையை உயர்த்தி, உருகினார். "பாத்தியா என் தாயோட கருணைய! டெப்போவுலயும் எறங்கியிருக்கா!"

"அப்போ நாங்க டெப்போவுக்கே போயிக்கிறோம்," என்றாள் வேண்டா. "நடுவுல நீ எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து பெருந்தேவி மூச்சுவாங்க உள்ளே வந்தார். மேடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, ரவிச்சந்திரன் சார்! நீங்க இங்கயா? இந்த மாசப் பெட்டியை எடுக்க வரவே இல்லையே?"

சித்தர் பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் போனார். அதன்பிறகு கருங்குழிப் பக்கம் அவரை ஒருவரும் பார்க்கவில்லை. கேசவன் சாவியைக் கொண்டுவந்து பக்தவத்சலத்தின் கையில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பணம் போனதற்கா, அம்மன் போனதற்கா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாளில் தண்ணீர் பாய்ந்து மறுவிதைப்பும் முடிந்தது. மச்சான் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மாசி முதல் வாரம், எள் விதைக்கிற நேரம், பத்துப் பேர் டெப்போப் பொட்டலத்தோடு பக்தவத்சலத்தின் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் மஞ்சள், குங்குமம்.

"உன் கையால தொட்டுக் குடு அண்ணாத்த," என்றான் கேசவன். "ராசியான கை. உண்மையக் கண்டுபுடிச்ச கை."

செயலாளருக்கு உள்ளுக்குள் என்னமோ இனித்தது. 'இத்தனை நாள் கழித்து ஒரு மரியாதை' என்று தோன்றியது. கை தானாக ஆசீர்வாதம் செய்கிற உயரத்துக்குப் போயிற்று. பின்னாலிருந்து தனகோடி அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பொட்டலத்தப் பிரிங்க, பின்னால படிங்க, வெதையில பூசுங்க. இவுரு கையில ஒண்ணும் இல்ல!"

அவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்து போனார்கள். நாளைக்கே இன்னொருவன் நீலச் சித்தராக வந்தால் இவர்கள் வரிசையில் நிற்பார்கள். பக்தவத்சலம் ஹெல்மெட்டைத் தேடமாட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மூளை என்று ஒரு பொட்டுகூட இல்லாத பூஞ்சாணம், வேருக்குள்ளே உட்கார்ந்து, வருகிறவன் அழுக வைக்க வந்தவனா என்று பார்த்து மறிக்கிறது. இத்தனை பெரிய மூளையைத் தலையில் சுமக்கிற நாம், கதவைத் திறந்துவைத்துக் கற்பூரமும் காட்டி உள்ளே கூப்பிடுகிறோம்.